‘விற்பனைக்கல்ல’ விலைபோன கதை

சின்னராசா அண்ணன் கையைத் தூக்கினார். தூக்கியவர் இறக்கவில்லை.

கொழும்பில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெரிய ஹோட்டலின் மண்டபம். கால் அமிழும் கம்பளம். குளிரூட்டியில் என் தோள்மூட்டு விறைத்துப் போயிருந்தது. முன்வரிசையிலிருந்து மல்லிகை வாசமும் விலையுயர்ந்த சென்ற் வாசமும் மாறி மாறி வந்தன. மேடையில் ஒரு பலகைப் படம். அதன் பக்கத்தில் சிறிய மரச் சுத்தியலுடன் ஒரு கனவான்.

சின்னராசா அண்ணனின் கையில் பிடிவைத்த ஓர் அட்டை. அதில் நாற்பத்தொன்று என்ற இலக்கம். கனவான் ஒரு விலை சொல்வார், மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பார், அந்த அட்டையைக் காண்பார், தலையாட்டுவார், விலையை ஏற்றுவார். மறுபடியும் சுற்றிப் பார்ப்பார். அட்டை அங்கேயே நிற்கும்.

“அண்ணன், கையை இறக்குங்க” என்றேன்.

“இறக்கினாப் போயிரும் டீச்சர்.”

இவர் மட்டக்களப்புக் கடற்கரைக் கிராமமான கதிரவெளியில் தோணிகளுக்கு இலக்கம் எழுதுபவர். அன்று அணிந்திருந்த நீளக் காற்சட்டை மச்சானிடம் இரவல் வாங்கியது. மேடையில் இருந்த படம் இவரே கீறியது. தன் படத்தைத் தானே ஏலத்தில் கேட்கும் நிலைக்கு இவர் வந்ததற்குப் பாதிக் குற்றவாளி நான். மற்றப் பாதியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பள்ளிக்கூட வேலையை விட்டு நிவாரண நிறுவனத்தில் சேர்ந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். ஏறாவூரிலிருந்து ஒரு வாசகர், “அங்கே போய் என்னதான் செய்தீர்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். மொழிபெயர்த்தேன், ஐயா. அதுதான் பிரச்சினை.

எல்லோரும் அலை கீறினார்கள்

சுனாமி வந்து மூன்று நான்கு மாதம் இருக்கும். அந்த நாட்களில் மட்டக்களப்பில் வெள்ளை வாகனங்கள் மோதாமல் தெருவைக் கடப்பதே ஒரு திறமை. எங்கள் நிறுவனத்தின் திட்ட அதிகாரி மார்த்தா என்ற வெளிநாட்டுப் பெண். நல்ல மனசுக்காரி. சனங்களோடு நிலத்தில் இருந்து கையால் சாப்பிடுவாள், ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கெடுத்துக்கொள்வாள். ஓவியம் கீறினால் மனப்புண் ஆறும் என்பது அவளுடைய நம்பிக்கை. கதிரவெளிச் சனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமுக்குத் தண்ணீர்த் தாங்கி வருவதற்கு முன்பே வண்ணப் பெட்டிகள் வந்து இறங்கின.

“உங்கள் மனசில் இருப்பதைக் கீறுங்கள்” என்றாள் மார்த்தா. நான் மொழிபெயர்த்தேன்.

சனங்களின் மனசில் அப்போது இருந்தது கூரைத் தகரம். எப்போது தருவார்கள், வீட்டுக்கு எத்தனை. ஒரு மனிசி நாள் முழுக்க மினக்கெட்டு ஒரு தகரத்தையே கீறினா. சாம்பல் நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள். மார்த்தா அதைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்தாள். “எவ்வளவு ஆழமான அரூபம்!” என்றாள். “என்ன சொல்லுறா? தகரம் தருவாங்களாமா?” என்று மனிசி என்னிடம் கேட்டா.

பிறகு, அலை கீறுபவர்களின் பெயரைத்தான் தகரத்துக்கு முதலில் பதிகிறார்கள் என்று ஒரு கதை பரவியது. யார் பரப்பினார்களோ தெரியாது. இரண்டே நாளில் முகாம் முழுவதும் அலை. நீலம் தீர்ந்துபோனது.

சின்னராசா அண்ணன் இந்த வகுப்புக்கு வரவில்லை. அவருடைய மனைவி பாக்கியம் அலையோடு போய்விட்டா. வீடும் போனது. வீட்டோடு கலியாணப் படம் முதல் எல்லாப் படங்களும் போயின. தவழும் வயதில் இருந்த மகள் மட்டும் அன்று வாழைச்சேனையில் பெரியம்மா வீட்டில் இருந்ததால் தப்பினாள்.

அவர் நிவாரணச் சாமான் வந்த பெட்டியொன்றின் பலகையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நாலு நாள் அங்கேயே இருந்தார். ஐந்தாம் நாள் பலகையில் பாக்கியம் இருந்தா. நீலம் தீர்ந்துபோனதால் வானத்துக்குத் தோணிக்கு அடிக்கும் பச்சையைப் பூசியிருந்தார்.

மார்த்தாவின் ஆட்கள் ஈரம் காய முதலே படங்களைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். அதனால் பலகையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘விக்கிறதுக்கில்லை.’ எழுதிவிட்டு, மற்றப் படங்களோடு சுவரில் சாய்த்துக் காயவைத்துவிட்டு, மகளைப் பார்க்க வாழைச்சேனைக்குப் போனார்.

லொறி அன்றைக்குத்தான் வந்தது.

பட்டியலில் ஒரு வரி

படங்களைக் கொழும்பில் ஏலம் விட்டு நிதி சேர்ப்பதாகத் திட்டம். ஏற்றிய பையன்கள் ஒவ்வொரு பலகையின் பின்னாலும் எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு தாளில் எழுதி அனுப்பினார்கள். படங்களின் தலைப்புகளாம். ஒரு மணித்தியாலத்தில் ஆங்கிலத்தில் வேண்டும் என்றாள் மார்த்தா.

நான் படங்களைப் பார்க்கவில்லை. தாளை மட்டும்தான் பார்த்தேன். அலை. அலை வந்தது. பெரிய அலை. எனது அலை. தகரம். அலை மறுபடியும். அதற்கடுத்து: விக்கிறதுக்கில்லை.

பரவாயில்லையே, ஒருவராவது வித்தியாசமாக யோசித்திருக்கிறாரே என்று நினைத்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. இந்தத் தலைப்பை மட்டும் மினக்கெட்டு, எல்லாம் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஏலத்தில் அதிக விலைக்குப் போனது அதுதான். ‘சந்தையின் முகத்தில் அறையும் தலைப்பு’ என்று ஏலக் கையேட்டில் எழுதியிருந்தார்கள். பச்சை வானம் இயற்கையின் காய்ச்சலாம். சேர்ந்த பணத்தில் முகாமுக்கு ஒரு கலையரங்கம் கட்டிக் கொடுத்தோம். அடுத்த மாரிக்கு அது ஆட்டுக் கொட்டிலானது. ஆடுகளுக்காவது கூரை கிடைத்ததே.

சின்னராசா அண்ணன் பட்டணத்து அலுவலகத்துக்கு என்னைத் தேடி வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தார்.

“டீச்சர், ஒரு பலகை மாறிப் போயிட்டு. பின்னால எழுதியும் வச்சனான். விக்கிறதுக்கில்ல எண்டு.”

என் கையில் தேத்தண்ணி இருந்தது. அதை மேசையில் வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“விசாரிக்கிறன் அண்ணன்” என்றேன்.

விசாரித்தேன். விசயம் கேட்டு மார்த்தா உண்மையாகவே அழுதாள். வாங்கியவர் பெயர் வெளியிட விரும்பாதவர் என்றாள். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்து, வேறொரு நாட்டு வெள்ளத்துக்குப் போய்விட்டாள். “கொழும்பில ஆரோ வாங்கிட்டாங்களாம்” என்று மட்டும் சின்னராசா அண்ணனிடம் சொன்னேன். பட்டியல் எழுதிய கையைப் பற்றிச் சொல்லவில்லை.

தறப்பாளும் கையேடும்

பிறகு சண்டை கதிரவெளிக்கு வந்தது. சனங்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். மகளைத் தோளில் சுமந்துகொண்டு சின்னராசா அண்ணன் கிரானுக்கு வந்து சேர்ந்தார். வட்டை ஓரத்தில், அறுத்த வயலுக்குப் பக்கத்தில், தறப்பாள் கூடாரம். அவருடைய படம் அந்நேரம் கொழும்பில் யாருடைய வீட்டிலோ மின்விசிறிக்குக் கீழே இருந்திருக்கும்.

அரிசி கொடுக்கும் வரிசையில் அவரைக் கண்டேன். அவர் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அரிசி வரிசையில் ஓவியம் பற்றிக் கதைப்பது அழகில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம்.

சண்டை முழுவதும் முடிந்தபின் பாதைகள் திறந்தன. முதலில் வங்கிகள் வந்தன, அடுத்து ஹோட்டல்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கலை இரசிகர்கள். எங்கள் பக்கத்துப் படங்களுக்குக் கொழும்பில் திடீரென்று கிராக்கி. இது ‘வளர்ந்துவரும் சந்தை’யாம். இருபத்தைந்து வருசமாக இந்தப் பக்கம் என்ன வளர்ந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

ஒரு நாள், ஏலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி எனக்குத் தபாலில் வந்தது. நல்லிணக்கத்துக்காக மூன்று மொழியிலும் அச்சிடுகிறார்களாம். பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

அந்தப் பலகை. ஆனால் முன்பக்கப் படம் தீப்பெட்டி அளவில்தான். முகமே தெரியவில்லை. முழுப் பக்கத்தையும் பிடித்திருந்தது பலகையின் பின்பக்கம்: சின்னராசா அண்ணனின் கையெழுத்தில் ‘விக்கிறதுக்கில்லை.’ அதற்கு நேர் கீழே எதிர்பார்க்கப்படும் விலை. அதற்கும் கீழே: ‘ஓவியர் கே. சின்னராசா. போரில் காணாமற்போனதாக நம்பப்படுகிறது.’

அதற்கு முதல் வாரம்தான் வாழைச்சேனைச் சந்தையில் அவர் கீரிமீனுக்குப் பேரம் பேசுவதைப் பார்த்திருந்தேன்.

காணாமற்போனவர் என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் சும்மா எழுதமாட்டார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு படலையைத் திறந்துபோட்டபடி காத்திருக்கும் தாய்மார் எனக்குத் தெரிந்தே பலர். கொழும்பில் அது ஒரு படத்தின் விலையைக் கூட்டும் சொல்லாக இருந்தது.

கையேட்டை எடுத்துக்கொண்டு கதிரவெளிக்குப் பஸ் ஏறினேன்.

அவர் ஒரு தோணியின் பக்கத்தில் குந்தியிருந்து இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கையேட்டை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். முகம் பிடிபடவில்லை.

“இன்னொண்டு கீறேலாதா அண்ணன்?” என்று கேட்டேன்.

“கீறிப் பாத்தனான். அப்ப முகம் அப்பிடியே மனசில இரிந்திச்சு. இப்ப கீறினா மகள்ட முகம்தான் வருது.” கொஞ்ச நேரம் தூரிகையைத் துடைத்தார். “அவக்குத் தாயக் கண்ட ஞாபகமில்ல டீச்சர். மூக்கு இப்பிடி, நெத்தி இப்பிடி எண்டு நான் வாயால சொல்லுறதுதான். பள்ளிக்கூடத்தில அம்மாவப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னா, என்னட்டத்தான் வந்து கேக்கிறா.”

பொல்காவலை வரை

கொழும்புக்கு ரயிலில் போனோம். மன்னம்பிட்டிப் பாலம் தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை. பட்டியல் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழும்பினார். கதவடியில் இருந்த ஆசனத்துக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வடைக்காரர் மூன்று முறை வந்து போனார். மூன்றாவது முறை சின்னராசா அண்ணன் தனக்கு மட்டும் வடை வாங்கினார்.

பொல்காவலையில் ரயில் நின்றபோது திரும்பி வந்து முன்னால் இருந்தார்.

“இங்கிலீசில எப்பிடி எழுதின நீங்க?”

சொன்னேன்.

“பெரிய எழுத்திலயா?”

“ஓம். எல்லாம் பெரிய எழுத்து.”

“ம்” என்றார். மிச்சமிருந்த ஒரு வடையைக் கடதாசியோடு என்னிடம் நீட்டினார். ஆறிப்போயிருந்தது. அதைப்போல ஒரு வடையை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

உயிரோடிருப்பதில் ஒரு கரைச்சல்

ஏலம் அடுத்த நாள் பின்னேரம். நாங்கள் நேரத்தோடே போய், ஏலத்துக்குப் பொறுப்பான அம்மையாரைச் சந்தித்தோம். கைத்தறிச் சேலையும் கழுத்தில் பெரிய வெள்ளி மாலையுமாக இருந்தா. கனிவானவ. “இவர்தான் சின்னராசா” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னதும், “எந்தச் சின்னராசா?” என்று கேட்டா.

அடையாள அட்டையைக் கொடுத்தோம். அட்டையைப் பார்த்தா, கையேட்டைப் பார்த்தா, அவரைப் பார்த்தா.

“ஆனால் அச்சடித்துவிட்டோமே” என்றா.

கலை நிபுணர் ஒருவர் அழைக்கப்பட்டார். தடித்த சட்டக் கண்ணாடி. இருவரும் எங்கள் முன்னாலேயே ஆலோசித்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அறிவித்தால் விலை விழும் என்றார் நிபுணர். இல்லாதவரின் ஒரேயொரு படம் என்பது வேறு, இருப்பவரின் ஒரு படம் என்பது வேறு. இவர் நாளைக்கே இன்னும் நூறு படம் கீறிவிடலாம். அறிவிப்பை ஏலம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மையார் கேட்டா.

“என்னவாம் டீச்சர்?”

“நீங்க உயிரோட இரிக்கிறது கொஞ்சம் கரைச்சலாம் அண்ணன்.”

“அது எனக்கும் தெரிஞ்சதுதானே” என்றார்.

கடைசியில் அம்மையார் தீர்ப்புச் சொன்னா. படத்தின் இன்றைய சொந்தக்காரர் அதை முறைப்படி வாங்கியவர், அதனால் நிறுத்த முடியாது. ஆனால், என்றா மனம் இளகி, ஏலம் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சந்தையின் அழகே அதுதான். நாற்பத்தொன்று என்று எழுதிய அட்டையைத் தன் கையாலேயே எடுத்து அவரிடம் கொடுத்தா.

சின்னராசா அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாலு சாய்ஞ்சிரிக்கு. ஆர் எழுதினது?” என்றார்.

மாம்பழம் கேட்டவர்

எல்லோரும் நினைத்ததுபோல, நானும் நினைத்ததுபோல, சின்னராசா அண்ணன் ஏலம் தெரியாதவர் அல்ல. கோயில் திருவிழாவில் சாமிக்குப் படைத்த மாம்பழத்தை ஏலம் விடுவார்களே, அதில் பதினைந்து வருசம் கேட்டவர். அங்கே வெட்கப்படாமல் கேட்கவேண்டும். எடுத்த பழத்துக்கான பணத்தை அடுத்த திருவிழாவுக்குள் கொடுத்தால் போதும். ஒருவரும் கேட்டு நெருக்கமாட்டார்கள், சாமி பார்த்துக்கொள்ளும்.

முதல் மூன்று படங்கள் போகும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு கவனித்தார். நாலாவதாகப் பாக்கியத்தின் படம் வந்தது. அட்டை மேலே போனது.

ஆரம்பத்தில் ஆறேழு பேர் கேட்டார்கள். பிறகு ஒரு வங்கிக்காக வந்திருந்த பெண்ணும், தொலைபேசியில் கேட்ட யாரோ ஒருவரும். நாங்கள் கொண்டுவந்த காசை விலை மூன்றாவது மூச்சிலேயே தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு கனவான் சொன்னவை எனக்கு விலைகளாகவே கேட்கவில்லை, தொலைபேசி இலக்கங்கள் மாதிரி இருந்தன. வங்கிப் பெண் பின்னால் திரும்பி, காற்சட்டை கணுக்கால்வரை மட்டுமே எட்டிய இந்த மனிதரைப் பார்த்தா. யாரோ பெரிய இடத்தின் ஆள் என்று நினைத்திருக்கவேண்டும். அட்டையை மடியில் வைத்துவிட்டா. தொலைபேசியும் ஓய்ந்தது.

சுத்தியல் விழுந்தது. மண்டபம் கைதட்டியது.

ஒரு பெண் படிவத்துடன் வந்து, எப்படிச் செலுத்துகிறீர்கள் என்று கேட்டா.

“அடுத்த திருவிழாவுக்குத் தாறன்” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். “எந்தக் கலைவிழா?” என்றா அவ.

அதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஐயா யார், எந்த நிறுவனம் என்று ஒருவர் தமிழில் கேட்டார்.

“இதக் கீறினவன்” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கையேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. சின்னராசா அண்ணன் எழும்பி நின்றார். குரல் பெரிதாகத்தான் வந்தது. “இது என்ட பொஞ்சாதி. விக்கிறதுக்கில்ல எண்டு எழுதித்தானே வச்சனான். இத்தன பேர் இரிக்கீங்க, ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி, ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். எழுதியது படத்தின் தலைப்பு அல்ல, கட்டளை என்றேன். தவறாக மொழிபெயர்த்தது நான் என்றும் சொன்னேன்.

யாரும் கைதட்டவில்லை.

‘விற்பனைப் பெறுமதி அற்றது’

ஏலம் செல்லாது என்றார்கள். வங்கிப் பெண்ணிடம் திரும்பிப் போனார்கள். பிரச்சினை உள்ள படம் வேண்டாம் என்றுவிட்டா. தொலைபேசிக்காரர் எடுக்கவேயில்லை. நாங்கள் வெறுங்கையோடு ரயில் ஏறினோம். மகளுக்கென்று அவர் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கினார். வாழைச்சேனையில் இறங்கும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.

இறந்த ஓவியர் தன் படத்தைத் தானே வாங்கினார் என்று செய்தி வந்தது. சந்தை சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது படத்தை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. ஓவியர் உயிரோடு இருக்கிறார், தோணிக்கு இலக்கம் எழுதுகிறார், போதாததற்குச் சபையில் எழும்பிச் சத்தம் போடுகிறார். மூன்று குற்றம்.

ஏழெட்டு மாதம் கழித்து அம்மையார் எனக்குத் தொலைபேசி எடுத்தா. சொந்தக்காரர் வீடு மாறுகிறாராம். படத்தை வைத்திருக்க விருப்பமில்லையாம். ராசியில்லாத படம் என்று அவருடைய மனைவி சொல்லிவிட்டாவாம். “உங்கள் ஆள் எடுத்துக்கொள்வாரா?” என்று கேட்டா. குரலில் இப்போதும் அதே கனிவு.

ஒரு படிவம் வந்தது. ‘ஒப்படைப்பதற்கான காரணம்’ என்ற இடத்தில் ‘விற்பனைப் பெறுமதி அற்றது’ என்று எழுதியிருந்தார்கள். சின்னராசா அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். “இதத்தானே நான் முதல்லயே சொன்ன” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

வெயில்

படம் சீமெந்து ஏற்றிவந்த லொறியொன்றில் கதிரவெளிக்கு வந்தது. நான் அன்று போயிருந்தேன். தங்க நிறச் சட்டத்தைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு மேல் போட்டார் சின்னராசா அண்ணன். பலகையை விறாந்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

மகள் டிலக்சி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அப்போது எட்டு வயது இருக்கும். வெள்ளைச் சட்டையில் மை. புத்தகப் பையைக் கழற்றாமலே பலகைக்கு முன்னால் குந்தினாள். கையை நீட்டினாள், தொடாமல் எடுத்துக்கொண்டாள். தன் மூக்கைத் தடவிப் பார்த்தாள். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அப்பா.”

“என்ன மனே?”

“அம்மா ஏன் கோவமா இரிக்கா? என்னோடயா?”

சின்னராசா அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“கோவமில்ல மனே. வெயில். அண்டைக்கு நல்ல வெயில், கடக்கரையில எனக்குச் சோறு கொண்டு வந்து நிக்கிறா. கண்ணக் கூசுது, அதான் நெத்தியச் சுருக்கிக்கொண்டு பாக்கிறா.”

டிலக்சி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விறாந்தையில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தாள். எழும்பிப் பையைக் கழற்றி எறிந்தாள்.

“அப்ப ஏன் இஞ்ச வச்சிரிக்கீங்க?” என்று எங்கள் இருவரையும் ஏசிவிட்டு, தன் நெஞ்சு உயரப் பலகையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, வாசற்படியில் ஒருமுறை தடுக்கி, நிழலுக்குள் கொண்டுபோனாள்.